ஆர்.கே. கடற்கரையின் மணல் கணக்கு

விசாகப்பட்டினம் செல்வோர் மாலைப்பொழுதில் தவறாது காணும் இடம் ராமகிருஷ்ணா கடற்கரை. அருகிலுள்ள ராமகிருஷ்ண மிஷன் ஆசிரமத்தால் வந்த பெயர்; ஊராருக்கு அது 'ஆர்.கே. பீச்'. 1969 முதல் 2001 வரை கடற்படையில் பணியாற்றிய 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பல், 2002 முதல் இக்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதனுள் குனிந்து நடந்து வெளிவருவோர் நேரே மணலில் இறங்கிவிடுவர். அந்த மணலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

கிழக்குக் கடலோரத்தில் மணல் ஓய்ந்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் ஒரு பகுதி திரும்புகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி. வரவும் பற்றும் ஈடாகும்வரை எந்தக் கரைக்கும் இருப்புக் குறையாது.

1933இல் டால்பின்ஸ் நோஸ் குன்றின் அருகே துறைமுகம் திறக்கப்பட்டது. கப்பல் வாயிலை மணல் மூடாதிருக்கப் பழைய கப்பல்கள் இரண்டையே மூழ்கடித்துத் தடுப்பாக்கினர். பின்னர் வெளித்துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களும் எழுந்தன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கியது. வடக்கிலுள்ள நகரக் கடற்கரைக்கு வரவு குறைந்தது, பற்று மட்டும் தொடர்ந்தது. அத்தகைய கணக்கின் கதி என்னவென்று வங்கியாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, தேங்கும் மணலைத் தூர்வாரும் கப்பல் எடுத்து, நீருடன் கலந்து குழாய் வழியே நகரக் கரையில் சேர்க்கிறது. கருநிறக் குழம்பாகப் பாயும் அதனை முதன்முறை கண்டபோது கழிவுநீர் என்றெண்ணி நானும் முகம் சுளித்தேன். இவ்வாறு சேர்த்ததையும் புயல் அள்ளிச் செல்லும். 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் அதைத்தான் செய்தது.

குளிக்க விரும்புவோர் இங்குதான் கவனிக்க வேண்டும். மணல் நகர்வதால் கடலடித் தரையும் மாறுகிறது. சென்ற ஆண்டு முழங்காலளவு நீர் இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கலாம். கரையேறிய நீர் அத்தகைய பள்ளங்களின் வழியே விரைந்து கடலுக்குத் திரும்பும். இருபுறமும் அலை உடைய, நடுவே மட்டும் நீர் அமைதியாகத் தோன்றினால் அவ்விடம் இறங்கத் தக்கதன்று. இக்கரையில் உயிரிழந்தோருள் நீச்சல் அறிந்த இளைஞரும் உளர். இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைக் கடந்தபின் கரை திரும்ப வேண்டும். நீந்த இயலாதோர் மிதந்தபடியே கையுயர்த்தி உதவி கேட்கலாம். இறங்குமுன், உயிர்காப்பாளரிடமோ அங்குள்ள மீனவரிடமோ அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.