பந்தை உதைத்தால் சோறு கிடைக்குமா?

வேப்பனப்பள்ளியில் மாலைப் பள்ளி விட்டதும் பையன்கள் மைதானத்தை நோக்கிப் பறப்பார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பந்தின் பின்னால் ஓடுகிற வேடிக்கையை நம் எல்லைப்புறத்து ஊர்களில்தான் காணலாம். ஆனால் வேலியோரம் நிற்கும் தகப்பனார்கள் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், பந்தை உதைத்தால் சோறு கிடைக்குமா? ஓசூரிலே கம்பெனி வேலைக்குப் போனால் மாதச் சம்பளமாவது வருமே!"

கேள்வி நியாயமானதே. அதற்குப் பதிலாக நாம் சென்னை ஸிடி கோஷ்டியின் கதையைச் சொல்வது வழக்கம்.

2017-18-ஆம் ஆண்டு ஐ-லீக் பந்தயங்களில் அந்தக் கோஷ்டி எட்டாவது ஸ்தானத்தில் நின்றது. பெயர் சென்னையாயினும், சொந்த மைதானம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம். மறு பருவத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் வந்து சேர்ந்தார். ஸ்பெயின் தேசத்தின் கீழ்ப்படி லீக்குகளில் ஆடிவந்த சிலரும் வந்தார்கள். கல்கத்தாவின் புராதன கோஷ்டிகள் இருக்கையில் இவர்களை யார் பொருட்படுத்துவார்கள்?

புதிய ஆசான் பந்தைக் கண்மூடித்தனமாக நெடுந்தூரம் உதைத்துவிட்டுப் பின்னால் ஓடும் ஆட்டத்தை விரும்பவில்லை. காவல் வரிசையிலிருந்தே சிறுசிறு பாஸ்களாகப் பந்தைக் கைமாற்றி முன்னேற வேண்டும் என்பது அவர் முறை. இதில் அபாயம் உண்டு. ஒருவர் தவறினால் கோல் விழும். ஆயினும் முறையை அவர் மாற்றவில்லை. முதற் பந்தயத்திலேயே பெட்ரோ மான்ஸி மூன்று கோல்கள் அடித்தார். பருவம் முடிவதற்குள் அவர் கணக்கில் 21 கோல்கள் ஏறியிருந்தன.

2019 மார்ச்சு 9-ஆம் தேதி கடைசிப் பந்தயம். சென்னை ஸிடிக்கு 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அதே வேளையில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கோயமுத்தூரில் எதிரியோ முந்திய ஆண்டு பட்டம் வென்ற மினர்வா பஞ்சாப். மாணவர் சிலரோடு நாமும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது! பையன்களின் முகம் வாடிவிட்டது. இடைவேளை வரையில் பதில் கோல் இல்லை.

அப்பொழுதும் நம்மவர்கள் பதறிப் பந்தை வீசி அடிக்கவில்லை. கற்ற ஆட்டத்தையே ஆடினார்கள். பிற்பாதியில் பெனால்டியில் மான்ஸி சமன் செய்தார். பிறகு அஸ்ஸாமைச் சேர்ந்த கௌரவ் போரா, காவல் வரிசை ஆட்டக்காரர், இரண்டு கோல்கள் போட்டார். 3-1! கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜயித்தது. ஆனால் 43-க்கு 42 என்ற ஒரே புள்ளியில் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் எந்தத் தமிழ்நாட்டுக் கோஷ்டியும் ஐ-லீக் பட்டம் பெற்றதில்லை.

இத்துடன் கதையை நிறுத்தினால் இனிமையாக இருக்கும். உண்மையையும் சொல்ல வேண்டுமே! இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசான் போய்விட்டார். 2020-21 பருவத்துக்குப் பின் அந்தக் கோஷ்டியே லீகிலிருந்து மறைந்தது. பட்டம் வென்றவர்களுக்கே இந்தக் கதி என்றால் தகப்பனார்களின் அச்சத்தை எப்படிக் குறை கூறுவது?

ஆனால் அந்தப் பருவத்தில் ஆடிய நம் பிள்ளைகள் மறைந்துவிடவில்லை. எட்வின் வான்ஸ்பால் சென்னையின் கோஷ்டிக்கும், ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கும், அஜித் குமார் பெங்களூருக்கும் ஆடச் சென்றார்கள். கோஷ்டி கலைந்தாலும், கற்ற வித்தை அவர்களுடனேயே சென்றது.

ஆகையால் தகப்பனார்களுக்கு நாம் சொல்வது இதுதான்: சோறு நிச்சயம் என்று வாக்குக் கொடுக்க எங்களால் இயலாது. ஒரு கோல் பின்தங்கிய வேளையில் பதறாமலிருக்கப் பையன் கற்றுக்கொள்வான். ஓசூர்க் கம்பெனியிலும் அது உதவும். மாலையில் ஒரு மணி நேரம் அவனை மைதானத்தில் விட்டு வையுங்கள்.