மைக்செட் பேசாதபோது

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

“ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” என்ற குரலைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. ஆடி மாதக் கூழ் வார்த்தலானாலும், மாதா கோயில் திருவிழாவானாலும், காதுகுத்தானாலும் முதலில் வந்து இறங்குவது மைக்செட்தான். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் சாலையிலுள்ள திருப்பாலைவனம் என் சொந்த ஊர். அங்கே என் தாய்மாமன் மைக்செட் வாடகைக்கு விடுகிறார். விடுமுறை நாட்களில் ஒயர் இழுப்பதும் புனல் கட்டுவதும் என் வேலை. வகுப்பில் படித்த ஓம் விதி எனக்கு உண்மையாகவே விளங்கியது, அந்த வேலையில் நான் செய்த தவற்றினால்தான்.

2023 டிசம்பர் 3ஆம் நாள். வங்கக் கடலில் மிக்ஜாம் புயல் உருவாகியிருந்தது. ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், தாழ்வான வீடுகளில் இருப்போர் பள்ளிக்கூடத்திற்கு வந்துவிட வேண்டும் என்று அறிவிக்க எங்கள் செட்டைக் கேட்டார்கள். மாமா வெளியூரில் இருந்ததால் நானே கொண்டுபோய்க் கட்டினேன். மின்சாரம் நின்றிருந்தது. இருட்டில், மழையில், 12 வோல்ட் பேட்டரியில் ஆம்ப்ளிபையரை இணைத்தேன்.

ஊர்ப் பெரியவர் மைக்கில் பேசினார். பக்கத்தில் நின்றவர்களுக்கே மெலிதாகத்தான் கேட்டது. கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த அறிவிப்பைப் போட்டால் சத்தம் பெரிதாக வந்தது. ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடைசித் தெருவிலிருந்த புனலோ முனகியது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வால்யூமைக் கூட்டுவது. கூட்டினேன், கரகரப்புதான் கூடியது.

அந்த நேரத்தில் மாமா வந்து சேர்ந்தார். “குமிழ்ல இருந்து கையை எடு மாப்ளே. முதல்ல அதுக்குச் சோறு போகுதான்னு பாரு. அப்புறம் பேச்சைப் பாரு” என்றார். சோறு என்றது மின்சாரத்தை. பேச்சு என்றது சிக்னலை. பழுது பார்க்கும் கலை முழுவதும் இந்த வரிசையில்தான் அடங்கியிருக்கிறது என்பதை அன்று அறிந்தேன்.

முதலில் மின்சாரம்

மல்ட்டிமீட்டரை வைத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். “சரியாகத்தான் இருக்கிறது” என்றேன். “சும்மா இருக்கும்போது அளந்து என்ன பிரயோசனம்? பாட விட்டு அள” என்றார். கைப்பேசி அறிவிப்பை ஓடவிட்டு அளந்தேன். பேட்டரியின் முனைகளில் 12 வோல்ட். ஆம்ப்ளிபையரின் முனைகளிலோ 10 வோல்ட்தான்! இடையில் 2 வோல்ட் எங்கே போயிற்று?

கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால், உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்தக் களிம்பின் மின்தடை வெறும் 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடும்போது அதில் இழக்கும் அழுத்தம் 2 வோல்ட். மின்னோட்டம் அதிகம் ஓடாதபோது இழப்பும் இல்லை. ஆகவே மீட்டரும் பொய்யான நல்ல சேதி சொல்கிறது. 230 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் யாரும் கவனியார். 12 வோல்ட்டில் அது ஆறில் ஒரு பங்கு. திறனோ அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. உப்புத்தாள் கொண்டு தேய்த்து இறுக்கினேன், அழுத்தம் நிமிர்ந்தது. ஆனாலும் குரல் உடைந்தே வந்தது. கோளாறு ஒன்றோடு முடியவில்லை.

அடுத்து சிக்னல்

மைக் தரும் சிக்னல் சில மில்லிவோல்ட் மட்டுமே. கைப்பேசியிலிருந்து வருவதோ ஒரு வோல்ட்டை நெருங்கக்கூடியது. ஒரு மில்லிவோல்ட்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு. இதைப் பொறியாளர்கள் 60 டெசிபெல் என்பார்கள். தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் வந்த அலகு அது. ஆகவேதான் மைக்குக்கு ஒரு துளையும் ‘ஆக்ஸ்’ என்று இன்னொரு துளையும் வைத்திருக்கிறார்கள். இருட்டில் நான் இரண்டையும் மாற்றிச் செருகியிருந்தேன்! ஆக்ஸில் நுழைந்த மைக் குரல் மெலிந்தது. மைக் துளையில் நுழைந்த கைப்பேசிச் சிக்னல் முதல் படியிலேயே தாங்கும் அளவை மீறி, அலையின் முடியும் அடியும் வெட்டுண்டன. முதலில் வெட்டுண்ட அலையைப் பின்னாலுள்ள எந்தக் குமிழாலும் ஒட்டவைக்க இயலாது. மாற்றிச் செருகியதும் இரண்டு குரலும் தெளிந்தன.

கடைசியாக ஒயர்

எட்டு ஓம் புனலை 200 மீட்டர் தூரத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் நேராக இணைத்திருந்தேன். போக வர 400 மீட்டர். மின்தடை ஏறக்குறைய 5 ஓம். அனுப்பிய அழுத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கை ஒயரே விழுங்கிவிட்டது. மாமா அந்தப் புனலுக்கு ஒரு லைன் டிரான்ஸ்பார்மர் போட்டு, ஆம்ப்ளிபையரின் 100 வோல்ட் முனையில் இணைத்தார். 20 வாட் அளவில் அது காட்டும் மின்மறுப்பு 500 ஓம். அதன்முன் 5 ஓம் எம்மாத்திரம்? இழப்பு நூற்றில் ஒன்றாகிவிட்டது.

மெயின்ஸில் ஓடும் செட்டுகளில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் அதற்கும் ஓர் எளிய சோதனை உண்டு. வால்யூமை முழுதும் குறையுங்கள். இரைச்சலும் குறைந்தால், குற்றம் குமிழுக்கு முன்னால். பெரும்பாலும் மைக் ஒயரின் வலைக்கவசம் அறுந்திருக்கும். குறையாவிட்டால் பின்னால், மின்வழங்கியின் வடிகட்டி மின்தேக்கியைச் சந்தேகிக்கலாம்.

அன்றிரவு பெரியவர் மீண்டும் பேசினார். சிறிது நேரத்தில் கடைசித் தெருவிலிருந்து ஒரு பாட்டி கோழிக்கூடையோடு வந்தார். “இப்பத்தான்டா காதுல விழுந்துச்சு” என்றார். புயல் 5ஆம் நாள் ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அதற்குள் எங்கள் பக்கம் பெய்த மழையை யாவரும் அறிவோம்.

நண்பர்களே, மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் ஓம் விதி, ஒரு பாட்டியின் காதுவரை போக வேண்டிய விதியும் ஆகும். கேட்கவில்லை என்றால் குமிழைத் திருகாதீர்கள். மின்சாரத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக அளந்து செல்லுங்கள். அந்தச் செட்டின் கிளிப்புகளை இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை நானே தேய்த்து வைக்கிறேன்.