கரண்ட் வந்தும் நெட் வராத அந்த இரண்டு நிமிடம்

நிலக்கோட்டையில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில், வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ஒரே நொடியில் ஓய்வதில்லை. ஃபேன் நிற்கும், ரவுட்டர் அணையும், லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். அதில் யூடியூப் பாடம் பார்க்கும் பிள்ளைக்கு நெட் போனது சிறிது நேரம் தெரியவே தெரியாது. வீடியோ சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, முன்கூட்டியே கணினிக்கு வந்து சேர்ந்திருப்பதுதான் காரணம். அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும்.

கரண்ட் திரும்பியதும் நடப்பது இதைவிடச் சுவையானது. ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள், இழை வந்து சேரும் அந்தச் சிறிய பெட்டியைப் பாருங்கள். பி.ஓ.என். என்று எழுதிய இடத்தில் பச்சை விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கும், பிறகு அசையாமல் எரியும். அது மினுக்கும் வேளையில் உங்கள் வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தொலைபேசி நிலையக் கருவி அளந்துகொண்டிருக்கிறது.

எதற்காக அளக்க வேண்டும்? நிலையத்திலிருந்து வரும் ஒரே ஃபைபர் இழையை, மின்சாரமே தேவைப்படாத ஒரு கண்ணாடிப் பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கீழே வரும் ஒளியின் அலைநீளம் 1,490 நானோமீட்டர், மேலே போவது 1,310. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. (பிடுங்கிய ஃபைபர் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான்.) கீழே வருவதில் சிக்கல் இல்லை. எல்லா வீட்டுக்கும் எல்லாமே வரும், பெட்டி தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலே அனுப்பும்போதுதான் சங்கடம். எல்லா வீடுகளும் ஒரே அலைநீளத்தில் பேசுகின்றன. இரண்டு வீடுகளின் ஒளி ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் இரண்டுமே குழம்பிவிடும்.

ஆகவே ஆளுக்கொரு முறை ஒதுக்கப்படுகிறது. ஆனால் ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி. நிலையத்திலிருந்து 1 கிலோமீட்டரில் ஒரு வீடும் 6 கிலோமீட்டரில் இன்னொரு வீடும் இருந்தால், போய்வரும் நேரத்தில் 50 மைக்ரோநொடி வித்தியாசம் விழும். நொடிக்கு 124 கோடி பிட் ஓடும் பாதையில் அந்த இடைவெளிக்குள் 62,000 பிட்டுகள் போய்விடும்.

அதனால் பெட்டி விழித்ததும் நிலையம் எல்லோரையும் ஒரு கணம் பேசாமல் இருக்கச் சொல்லி, புதிதாக யாராவது வந்திருக்கிறீர்களா என்று கேட்கிறது. பெட்டி உடனே பதில் தராமல், ஏதோ ஒரு சிறு நேரம் பொறுத்துத் தன் வரிசை எண்ணைச் சொல்கிறது. தெரு முழுக்கக் கரண்ட் ஒன்றாக வரும்போது எல்லாப் பெட்டிகளும் ஒன்றாகக் கத்தாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. பெட்டியை அடையாளம் கண்டபின், அதை மட்டும் தனியே மறுபடி கேட்டு, அந்தப் பதில் வந்த நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கப்படுகிறது. பிறகு, நீ இவ்வளவு தாமதித்து அனுப்பு என்று ஒவ்வொரு பெட்டிக்கும் உத்தரவு போகிறது. சிலுக்குவார்பட்டியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு வரும் வண்டிகளிடம், வாசலில் முட்டிக்கொள்ளாதபடி அவரவர் ஊர்த் தூரத்தைக் கணக்கிட்டுப் புறப்படும் நேரத்தைச் சொல்லிவிடுவதைப் போன்றது இது. உத்தரவு கிடைத்தபின், எல்லா வீடுகளும் நிலையத்துக்கு ஒரே தூரத்தில் இருப்பவை போலாகிவிடுகின்றன.

அடுத்து, வீட்டுக்குள் நடப்பது. ரவுட்டரிடம் கணினி முகவரி கேட்கிறது. புதிதாகச் சேரும்போது யார் இருக்கிறீர்கள், இந்த எண் தரட்டுமா, அதையே கொடு, சரி என்று நான்கு செய்திகள். திரும்ப வரும் கணினி பெரும்பாலும் தன் பழைய எண்ணையே நேராகக் கேட்டு வாங்கிவிடும். ரவுட்டர் பதிலே தராவிட்டால், விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால் பழுது வெளியூர்க் கேபிளில் இல்லை, ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவில்தான் என்று தேடத் தொடங்கலாம். கடைசியாக, விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் சர்வரிலிருந்து ஒரே ஒரு சொற்றொடர் உள்ள சின்னக் கோப்பை எடுத்துவர முயல்கிறது. அது கைக்கு வந்தால்தான் மூலையில் உள்ள சின்னம் நெட் இருக்கிறது என்று காட்டும்.

இத்தனையும் நடந்து முடிவதற்குள், பாதியில் நின்ற வேலைகள் என்ன ஆகின்றன? இணையத்தின் ஆகப் பெரிய அழகு இங்கேதான் இருக்கிறது என்பேன். 1974-இல் வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் டி.சி.பி. என்ற தகவல் பரிமாற்ற விதிமுறையின் அடிப்படையை வெளியிட்டபோது, நடுவில் உள்ள வலையை நம்ப வேண்டாம் என்பதிலிருந்தே தொடங்கினார்கள். அவர்கள் மனத்தில் ஓடும் வண்டியில் பொருத்திய வானொலி இணைப்பும் இருந்தது. சுரங்கப்பாதைக்குள்ளோ குன்றுக்குப் பின்னோ போனால் அது அறுந்துவிடும். 1977 நவம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ பகுதியில் அப்படியொரு வேனிலிருந்து கிளம்பிய தகவல், செயற்கைக்கோள் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், மறுபடி அமெரிக்காவுக்கே வந்து சேர்ந்தது. டி.சி.பி.யில் அனுப்பிய ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. எதுவரை வந்தது என்ற கணக்கு இரு முனைகளிலும்தான் இருக்கிறது, வழியில் எங்கும் இல்லை. பதில் வராவிட்டால் அனுப்பும் முனை ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என்று காத்திருப்பை இரட்டித்துக்கொண்டே மறுபடி அனுப்பும். லினக்ஸ் கணினிகள் வழக்கமான அமைப்பில் கால் மணி நேரம்வரை விடாமல் முயலும்.

அதனால் எங்கே துண்டிக்கிறோம் என்பது முக்கியம். தெருவில் ஃபைபர் அறுந்தால் கணினிக்கு அது தெரியாது, எதிர்முனை தாமதிக்கிறது என்று நினைத்துக் காத்திருக்கும். கணினியிலேயே வைஃபையை அணைத்தாலோ, நெட்வொர்க் அடாப்டரை ‘டிசேபிள்’ செய்தாலோ பெரும்பாலும் முகவரியும் கையைவிட்டுப் போகும், நடந்துகொண்டிருந்த இணைப்புகளும் அங்கேயே முடியும். அப்போதும் பெரிய டவுன்லோடுகள் பலவற்றை, சர்வர் அனுமதித்தால், விட்ட பைட்டிலிருந்தே தொடரலாம். ‘எனேபிள்’ கொடுத்தால் நெட் சில நொடிகளில் திரும்பிவிடும், ஏனென்றால் ரவுட்டர் இணைப்பில்தான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது பணப் பரிமாற்றம் ஒன்றைத்தான். பாதியில் அறுந்தால், கணக்கைப் பார்க்காமல் மறுபடி பணம் கட்டாதீர்கள்.

நெட்டைத் துண்டித்தால் கணினி கெட்டுவிடும் என்ற பயம் பலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். பிள்ளை படிக்கும் நேரத்தில், எல்லோரும் தூங்கும் இரவில், தாராளமாகத் துண்டிக்கலாம். ஒரு சந்தர்ப்பத்தில் துண்டித்தே ஆக வேண்டும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லித் திரையைப் பகிரும் செயலியை யாராவது போடவைத்து, உங்கள் கை படாமல் மவுஸ் அம்பு நகர்ந்தால், அவரோடு வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். கையெட்டும் தூரத்தில் இருப்பது எதுவோ, வைஃபை பொத்தானோ ரவுட்டரின் பிளக்கோ, அதை உடனே அணையுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு. அந்தச் செயலியை நீக்கி, விவரம் தெரிந்தவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அந்தக் கணினிக்கு நெட்டைத் திரும்பக் கொடுங்கள்.