தாமரை: இலை முதல் கிழங்கு வரை

தாமரை என்றதும் பூதான் நினைவுக்கு வரும். ஆனால் வீட்டுக்கு அதிகம் பயன்படுவது அதன் இலையும் கிழங்கும் விதையும்தான்.

இலை: தாமரை இலையின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகளும் மெழுகுப் பூச்சும் உண்டு. அதனால் ஈரம் ஒட்டுவதில்லை. பல ஊர்களில் கறிக்கடைக்காரர்கள் இதில் இறைச்சியை மடித்துக் கொடுத்ததற்குக் காரணம் இதுவே. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சியைப் பங்கிட இந்த இலையைப் பயன்படுத்தலாம். கழுவித் துடைத்து, இரண்டு இலைகளைச் சேர்த்து மடித்தால் கிழியாது. பிறகு மண்ணில் மட்கிவிடும்.

கிழங்கு: கடையில் ‘தாமரைத் தண்டு’ என்று விற்பது சேற்றுக்குள் படரும் கிழங்கு. 100 கிராம் பச்சைக் கிழங்கில் சுமார் 5 கிராம் நார்ச்சத்தும் 44 மில்லிகிராம் வைட்டமின் சியும் உள்ளன. நம் பக்கம் வற்றலாகப் பொரிப்பார்கள். காஷ்மீர் முஸ்லிம் வீடுகளில் இதற்கு ‘நத்ரு’ என்று பெயர். தயிர் சேர்த்துச் சமைக்கும் ‘நத்ரு யக்னி’ விருந்துகளில் இடம்பெறும்.

கிழங்கின் துளைகளில் சேறு தங்கும். எனவே தோல் சீவி, வில்லைகளாக நறுக்கி, பலமுறை அலசி, நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். பச்சையாகத் தின்றால் குடற்புழுக்கள் தொற்றக்கூடும். மாவுச்சத்து இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் அளவோடு சாப்பிடவும். இது உணவுதான், மாத்திரைக்கு மாற்று அல்ல.

விதை: ‘தாமரை விதை’ என்று பாக்கெட்டில் வரும் வெள்ளைப் பொரி பெரும்பாலும் மக்கானா. அது பீகாரில் அதிகம் விளையும், அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதை. நல்ல உணவுதான், ஆனால் தாமரை அல்ல. உண்மையான தாமரை விதை கறுத்த, கடினமான ஓடு உடையது. உள்ளிருக்கும் பச்சை முளை கசக்கும். அதை எடுத்துவிட்டுச் சமைப்பார்கள்.

இத்தனை பயனும் குளம் நன்றாக இருந்தால்தான். காஷ்மீரின் வூலர் ஏரியில் 1992 வெள்ளம் கொண்டுவந்த வண்டல் தாமரையை மூடிவிட்டது. நத்ரு எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் வருமானத்தை இழந்தன. வண்டலை அகற்றிய பிறகே, அண்மையில் அங்கே மீண்டும் தாமரை பூத்தது.

சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் குளத்தில் வளரும் கிழங்கு, ஈயம் போன்ற நச்சு உலோகங்களை உறிஞ்சக்கூடும். வேகவைத்தாலும் அவை நீங்காது. ஆகவே வாங்கும்போது எந்தக் குளத்துக் கிழங்கு என்று கேளுங்கள். நம் ஊர்க் குளத்தில் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே.