திரும்பி வந்தவளின் கதை

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலர் கைபேசியில் பார்த்துவிட்டு, "அக்கா, கட்டாயம் பாருங்கோ" என்று எனக்குச் சொன்ன படம் 'ஹங்கர் கேம்ஸ்: கச்சிங் ஃபயர்'. சுசான் கொலின்ஸ் இளையோருக்காக எழுதி 2009இல் வெளியான நாவல், 2013இல் பிரான்சிஸ் லோரன்ஸின் நெறியாள்கையில் படமானது. இது தொடரின் இரண்டாம் பாகம்.

எதிர்கால நாடொன்று. பன்னிரண்டு மாவட்டங்களும் ஆண்டுதோறும் ஓர் ஆண்பிள்ளையையும் ஒரு பெண்பிள்ளையையும் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் கொல்வதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கும். முதற்பாகத்தில் தங்கைக்குப் பதிலாகப் போன காட்னிஸ், கூடப்போன பீட்டாவுடன் உயிரோடு திரும்புகிறாள்.

இரண்டாம் பாகம் அதற்குப் பிறகு நடப்பது. புது வீடும் பணமும் கிடைத்தும் அவளுக்கு நித்திரை இல்லை. வேட்டைக்குப் போனால், அம்பு பட்ட பறவை தான் கொன்ற பிள்ளையாகத் தெரிகிறது. முன்னொரு காலம் வென்ற ஹேமிச் குடியில் கிடக்கிறான். 75ஆவது போட்டிக்கு வென்றவர்களையே திரும்பவும் அழைக்கிறார்கள். ஆடை அலங்காரக் காட்சிகள் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

கரவெட்டிப் பிள்ளைகளுக்கு இது சாகசக் கதை. தாய்மாருக்கு அப்படியிராது. வன்னியில் வீட்டுக்கொரு பிள்ளை கேட்கப்பட்ட காலம் அவர்களுக்கு மறக்கவில்லை. 2009இல் போர் முடிந்தபின் புனர்வாழ்வுக்குப் போனோர் சுமார் 12,000 பேர். சிறுவர் சிறுமியர் மட்டும் 594. திரும்பிய பெண்கள் பலருக்குக் கலியாணம் பேசும்போது, "இயக்கத்தில இருந்தவவாம்" என்ற ஒரு பேச்சே போதுமாயிருந்தது. காட்னிஸையோ, கமராவுக்கு முன்னால் பீட்டாவைக் கலியாணம் செய்யச் சம்மதிக்கும்படி அரசாங்கமே நெருக்குகிறது.