நேர முத்திரை

திருவான்மியூர் வங்கக் கடலோரத்தில் அமைந்த பழம்பதி. அங்குள்ள மருந்தீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அக்காலத்துக் கல்வெட்டுகளில் அரசன் பெயரோடு அவனது ஆட்சியாண்டையும் பொறிப்பது மரபு. யார் செய்தார் என்பதோடு எப்போது செய்தார் என்பதும் விளங்கினாலன்றி ஆவணம் நிறைவு பெறாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

பத்திரப் பதிவிலும் இம்முறையைக் காணலாம். பத்திரம் கொண்டுவரப்பட்ட நாள், நேரம், இடம் ஆகியவற்றை அதன்மேல் எழுதவேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதிக்கின்றது. எழுதுபவர் பதிவு அலுவலர். விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். ஆதலின் அக்குறிப்பை யாவரும் நம்புவர்.

இன்று ஆவணங்கள் பல கணினியில் உருவாகின்றன. அவற்றில் இடும் மின்னணுக் கையொப்பத்தை, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்றுக்கொண்டது. கணினி ஆவணம் முழுவதையும் கணக்கிட்டுச் சுருக்க எண் ஒன்றை உண்டாக்கும். ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். கையொப்பமிடுவோர் தமக்கே உரிய மறைதிறவுகோலால் அதற்கு முத்திரையிடுவர்.

இதனால் கையொப்பம் யாருடையது என்பது தெரியும். ஆவணம் மாற்றப்படவில்லை என்பதும் தெரியும். ஆனால், எப்போது இடப்பட்டது? அவர் கணினியின் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புதல் எளிதன்றோ? ஒருவரது மறைதிறவுகோல் களவு போயிற்று என்று கொள்வோம். அவர் உடனே முறையிட்டு அதனைச் செல்லாததாக்குகின்றார். கள்வனோ, சென்ற ஆண்டின் தேதியிட்டு, அவர் வீட்டைத் தனக்கு விற்றதாக ஆவணம் எழுதிவிடலாம். களவுக்கு முன் அவரே இட்டது எது, பின்னர்க் கள்வன் இட்டது எது என்று எவ்வாறு பிரித்தறிவது?

இதற்கு வேண்டுவதும் நடுநின்ற மூன்றாமவர் சான்றே. 1991ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் இருவர் அதற்கு வழி வகுத்துக் காட்டினர். கையொப்பமிட்டவுடன் சுருக்க எண் மட்டும் நேர முத்திரை நிலையத்துக்குச் செல்லும். ஆவணத்தை நிலையம் காண்பதில்லை. தன் கடிகாரம் காட்டும் நேரத்தை அவ்வெண்ணோடு சேர்த்து, தன் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். இந்தியாவில் உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. நாட்டின் திட்ட நேரத்தோடு தம் கடிகாரத்தைப் பொருத்தி வைத்தல் அவற்றின் கடமை. இனிக் கள்வன் பழைய தேதியை எழுதலாம். பழைய முத்திரையைப் பெற இயலாது.

ஒன்று நினைவிற் கொள்ளத் தக்கது. ஆவணத்தில் கூறியவை உண்மை என்று நேர முத்திரை சொல்வதில்லை. குறித்த நேரத்தில் அந்த ஆவணம் இருந்தது என்பதொன்றையே அது சொல்லும். எனினும், எளியோர் ஒருவரின் வீட்டையும் நிலத்தையும் காக்க அந்த ஒரு சான்றே போதியதாகும் காலமும் உண்டு.