வேரின் வாயிலில் குரோமியம்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றுப் பிரதேசத்து ஊர்களில், ஆவாரம்பட்டையைக் கொண்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்டு வந்த பழைய முறை பின்வாங்கி, அவ்வேலையைச் சீக்கிரத்தில் முடித்துக்கொடுக்கும் குரோமிய உப்பு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்ட பின், கழிவுநீரோடு நிலத்தில் சேர்ந்த அவ்வுலோகம் முளைக்கும் நெல்லையும் பயற்றையும் என்ன செய்கிறது என்பது விசாரிக்கத் தக்கதாகும்.

1797-இல் வோக்லன் என்னும் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி கண்டறிந்த இந்த உலோகம் மண்ணில் முக்கியமாக இரண்டு வடிவங்களில் இருக்கிறது. தோல் பதனிடும் உப்பிலுள்ள வடிவம் பெரும்பாலும் கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கிடக்கும். அவ்வுப்பைத் தயாரிப்பதற்கு மூலப்பொருளாகிய குரோமேட்டோ நீரில் எளிதில் கரைந்து பரவும். நாற்றுக்குப் பரம விரோதி பின்னதே.

வேர் தனக்கு வேண்டிய கந்தகத்தைச் சல்பேட் வடிவில் உறிஞ்சுகிறது. குரோமேட்டோ அமைப்பிலும் மின்னேற்றத்திலும் சல்பேட்டை ஒத்திருப்பதால், உறவினன் வேடத்தில் வந்த கள்வனைக் காவலாளி உபசரித்து உள்ளே விடுவதுபோல், சல்பேட்டுக்கென்று அமைந்த வாயில்கள் அதற்கும் வழிவிடுகின்றன. நுழைந்த குரோமேட் எலெக்ட்ரான்களைப் பறித்துச் சாதுவான முதல் வடிவத்துக்கு மாறும்போது பிறக்கும் உக்கிரமான ஆக்ஸிஜன் வகைகள், செல்லின் சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்கின்றன. மாறிய உலோகத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுவதால் தானியத்துக்குச் செல்வது சொற்பம்; உண்பவருக்கு இது அனுகூலமே, வேருக்குத்தான் பிரதிகூலம்.

முளைக்கும் நெல்லில் மாச்சத்தைச் சர்க்கரையாக்குவது அமைலேஸ் என்னும் நொதி. அதன் செயல் குன்றுவதால், சேமிப்பு இருந்தும் முளைக்கு ஆகாரம் கிட்டுவதில்லை. வேர்நுனியில் செல் பிரிவது தளர்ந்து வேர் குட்டையாகிறது. இரும்புச்சத்து இலைக்குச் சரிவரச் சேராமல் பசுமை வெளுக்கிறது. இவ்வெளிறலைத் தழைச்சத்துக் குறைவென்று கருதி யூரியா தூவுவது வீண் செலவு. முளைத்த விதைகளை எண்ணி மட்டும் மண்ணைப் பரீட்சிப்பவரும் ஏமாறக்கூடும்; ஏனெனில், விதையுறையின் பாதுகாப்பில் முளைத்துவிடுகிற விதைகூடப் பின்னர் வேரோட மாட்டாமல் நின்றுவிடுவதுண்டு.

நீரில் சல்பேட் மிகுந்திருந்தால் குரோமேட்டின் நுழைவு குறைகிறது. தொழுவுரம் முதலிய அங்ககப் பொருள்கள் குரோமேட்டைக் கரையாத வடிவமாக மாற்றுகின்றன. ஆயினும் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்ஸைடுகள் அதில் ஒரு பகுதியைத் திரும்பவும் குரோமேட்டாக்க வல்லவையாதலால், எருவிட்ட வயலிலும் அடுத்த பருவத்து நாற்றைப் பிடுங்கி வேரின் நீளத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.